குட்டைக்கு ஏற்ற பம்பு
(நாகமலை புதுக்கோட்டையில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாகமலையின் பாறைச் சரிவில் விழும் மழை நெடுநேரம் தங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓடிவரும் அந்நீரை மறித்துத் தேக்கி, மாசி, பங்குனியில் தோட்டத்துக்குப் பாய்ச்ச வேண்டும் என்னும் நோக்கத்துடனேயே நாம் பண்ணைக் குட்டைகளை வெட்டுகிறோம். மல்லிகை பயிரிட்டவர்களுக்கு அந்த மாதங்களில் கிடைக்கும் ஓரிரு பாய்ச்சலின் அருமை நன்கு தெரியும். அந்நீரைக் கரையேற்றும் பம்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் குட்டையின் கணக்கைப் பார்ப்போம். நூறு அடிச் சதுரமும் ஐந்தடி ஆழமும் உள்ள குட்டையில், கரைச் சரிவைக் கழித்தால், ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் நீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். வெயிலும் மண்ணும் குடித்தது போக, நான்கைந்து பாய்ச்சலுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. வினாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் பம்பு ஒரு மணி நேரத்தில் 18,000 லிட்டர் தரும். பன்னிரண்டு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் நனைந்துவிடும். இதற்கு மேல் அவசரம் எதற்கு?

ஆயினும் கடைக்குச் செல்கிற நம்மவர்கள் "பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை குதிரைச் சக்தி?" என்றே முதலில் விசாரிக்கிறார்கள். கவலை இறைத்த காலத்தில் நம் முன்னோர் கிணற்றின் ஆழத்தைக் கயிற்றால் அளந்த பிறகே வடம் வாங்கினார்கள். நாமும் உயரத்தை அளந்த பிறகே பம்பு வாங்குதல் வேண்டும். நீர் மட்டத்திலிருந்து பம்பு வரை 10 அடி, அங்கிருந்து வயலின் மேட்டுக்கு 15 அடி, குழாயின் உராய்வுக்கென 8 அடி என்று கொண்டால், மொத்தம் 33 அடி, அதாவது 10 மீட்டர். வினாடிக்கு 5 லிட்டரை 10 மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் முக்கால் குதிரைச் சக்திக்கும் குறைவாகவே வருகிறது. பம்பிலும் மோட்டாரிலும் பாதிக்கு மேல் வீணாகும் என்று வைத்துக்கொண்டாலும் 2 குதிரைச் சக்தி தாராளமாகப் போதும்.

ஆழ்ந்த கிணற்றுக்கென்று செய்த 5 குதிரைச் சக்திப் பம்பைக் குட்டைக் கரையில் வைத்தால் என்ன ஆகும்? உயரம் குறைவானபடியால் மோட்டாருக்குச் சுமையும் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. உயரம் குறையக் குறைய அத்தகைய பம்பு அளவுக்கு மீறி நீரை இழுக்கும். அதற்கேற்ப மின்சாரத்தையும் மிகுதியாக இழுக்கும். மோட்டார் சூடேறிக் காயில் கருகும். நீர் வற்றிய நாளில் சேற்றையும் காற்றையும் சேர்த்து இழுக்கும். 1990-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் உழவர்களின் பம்புக்கு மின்சாரம் இலவசமாதலால், இந்தத் தவறு மின் கட்டணச் சீட்டில் தெரிவதில்லை. காயில் கட்டுபவரிடம் போகும்போதுதான் தெரிகிறது. பஞ்சாயத்துப் பம்புகளுக்கோ கட்டணமும் உண்டு, அது வரிப்பணம். ஆகவே பம்பின் தகட்டில் குதிரைச் சக்தியை மட்டும் பாராமல், எவ்வளவு உயரத்திற்கு எவ்வளவு நீர் என்று பொறித்திருப்பதையும் படித்துப் பார்த்து, நம் உயரம் அந்த வரம்பின் நடுவில் அமையுமாறு தேர்ந்தெடுத்தல் நலம்.

கரையில் வைக்கும் பம்பு நீர் மட்டத்திலிருந்து 20 அடிக்கு மேல் இருத்தலாகாது. நீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தமே. அதற்கு ஓர் எல்லை உண்டு. உறிஞ்சு குழாய் பம்பை நோக்கி ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கிவிடும். குழாய்ச் செலவில் சிக்கனம் செய்வதும் தவறு: அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் உராய்வு ஏறத்தாழ முப்பது மடங்காகும்.

குட்டைக்குப் பெரும் பகை வண்டல். மலையடிவாரத்து மழைநீர் மண்ணைக் கரைத்துக்கொண்டே வருகிறது. புட் வால்வைத் தரையில் கிடக்கவிட்டால் அந்த மண் பம்பின் சக்கரத்தைத் தேய்த்துவிடும். காலியான பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் கட்டி, நீர் மட்டத்திலிருந்து ஒன்றரை அடி கீழே தொங்கவிடுவது எளிய உபாயம். அதற்கு உறிஞ்சு குழாயின் கடைசிப் பகுதி வளைந்து கொடுப்பதாக இருத்தல் வேண்டும். பாசியும் சருகும் புகாதவாறு வலைக்கூடை ஒன்றையும் சுற்றிலும் மாட்டி, வாரம் ஒருமுறை கழுவலாம்.

பராமரிப்பில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்துச் செய்யக்கூடியவையே. பம்பில் நீர் நிரப்பாமல் ஓட்டலாகாது. கயிற்று அடைப்பு உள்ள பம்பில், தண்டு சுழலும் இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கசிவது நல்லதே. முற்றிலும் உலரும்படி இறுக்கினால் தண்டு தேயும். மின்னழுத்தம் தாழ்ந்த வேளையில் ஓட்டுவதும், அடிக்கடி நின்றுவிடுகிறதென்று ஸ்டார்ட்டரின் காப்பு ரிலேயைக் கட்டிவைப்பதும் மோட்டாரைக் கொல்லும். மோட்டாருக்கு நில இணைப்பு இல்லாவிடில் ஈரக் காலுடன் நிற்கும் மனிதனையே கொல்லும். இதில் எவ்விதச் சலுகையும் கூடாது.

சித்திரையில் நீர் ஓரடிக்கு இறங்கியதும் பம்பை நிறுத்தி, மிஞ்சியதை ஆடுமாடுகளுக்கு விட்டுவிடலாம்; அதற்குமேல் இழுத்தால் சேறுதான் வரும். பம்பினுள் நிற்கும் நீரை வடித்து, மூடி வைத்து, அடுத்த மழை வரை வாரம் ஒருமுறை, மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே, தண்டைக் கையால் சில சுற்றுகள் சுற்றி வந்தால் துருப்பிடித்து இறுகாது.