வண்டி இருக்கு, ஓட்ட ஆள் எங்கே?

(கட்சியின் தொழிலாளர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரயில் ஓட்டுநர்கள் போராட்டம்னு செய்தி வந்தாலே நம்ம போனுக்கு ஒரு ஃபார்வர்டு வந்துடும். "கை நிறைய சம்பளம் வாங்கிக்கிட்டு மக்களை நடுத்தெருவில் நிறுத்துறாங்க" என்று. நம் தோழர்களே சிலர் அதை ஷேர் பண்றாங்க. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

2024 ஜூன் 1 முதல் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் நடத்திய போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வார ஓய்வை முழுசா எடுத்தாங்க. அவ்வளவுதான் நடந்தது.

ரயில்வே பணிநேர விதிகள், 2005 என்ன சொல்கிறது? ஓட்டுநர்களுக்கு மாதம் நான்கு முறை 30 மணி நேரம், இல்லையென்றால் ஐந்து முறை 22 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். இது தவிர, 8 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்து ஊர் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு உண்டு. இந்த 16 மணி நேரமும் அந்த 30-க்குள் அடங்கும் என்கிறது நிர்வாகம். இரண்டும் தனித்தனி, மொத்தம் 46 மணி நேரம் என்கிறார்கள் ஓட்டுநர்கள். சண்டையே இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கூட்ஸ் ஓட்டுநர் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, ஞாயிறு காலை 6 மணிக்கு ஜோலார்பேட்டையில் இறங்குகிறார். நிர்வாகக் கணக்குப்படி திங்கள் மதியம் 12 மணிக்கு அவரை மறுபடி கூப்பிடலாம். ஞாயிறு பகல் தூக்கத்திலேயே போய்விடும். பிள்ளை முகம் பார்க்க எவ்வளவு நேரம் மிச்சம்? ஓட்டுநர்கள் கணக்குப்படி செவ்வாய் அதிகாலை 4 மணி வரை ஓய்வு. மற்ற அரசு ஊழியர்களுக்குக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு மட்டும் ஆடம்பரமா?

ஓய்வு எடுத்தவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. இங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ஊழியர்கள் தங்கள் வார ஓய்வை எடுத்தாலே வண்டி ஓட்ட ஆள் தட்டுப்பாடு வருகிறது என்றால், தப்பு ஓய்வு எடுத்தவர் மேலா, போதிய ஆள் வைக்காதவர் மேலா?

ஒரு தடத்தில் தினமும் 10 ஓட்டுநர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுக்கவே 12 பேர் தேவை. லீவு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். 10 பேரை மட்டும் வைத்துக்கொண்டு "எங்களிடம் இத்தனை இன்ஜின், இத்தனை பெட்டி இருக்கு" என்று கணக்குக் காட்டினால் என்ன பயன்? ஆள் இல்லாத இன்ஜின் ஷெட்டில்தான் நிற்கும்.

ஆள் பற்றாக்குறை இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமா? 2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் பணிக்கு 5,696 இடங்கள் என்று அறிவித்தார்கள். ஜூன் 17-ல் மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. அடுத்த நாளே அந்த எண்ணிக்கை 18,799 ஆனது! ஒரே ராத்திரியிலா 13 ஆயிரம் காலியிடம் முளைத்தது?

இது இன்றைய கதை மட்டுமல்ல. 1974 மே 8-ல் தொடங்கிய மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று 8 மணி நேர வேலை. அன்றைய அரசு ஜார்ஜ் பெர்னாண்டஸ் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் அடைத்தது. பிரதேச ராணுவத்தை இறக்கி வண்டி ஓட்டப் பார்த்தது. மே 27-ல் போராட்டம் முடிந்தது. கோரிக்கை முடியவில்லை, தோழர்களே. ஐம்பது வருஷம் கழித்தும் ஓய்வு நேரத்துக்குத்தான் சண்டை.

அதே நேரம், பயணிகளின் சிரமம் பொய் என்று நாம் சொல்லக்கூடாது. அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வேலைக்கு வருகிறவருக்கு ஒரு வண்டி போனால் அரை நாள் சம்பளம் போச்சு. ஆள் குறையும்போது நிர்வாகம் எந்த வண்டியை நிறுத்தலாம் என்று பார்க்கும். பெரும்பாலும் அடிபடுவது ஏழைகளின் பாசஞ்சர் வண்டிதான்.

அதனால் நம் கோரிக்கை மூன்று.

ஒன்று: வார ஓய்வு, லீவு எல்லாவற்றையும் கணக்கில் வைத்து ஓட்டுநர் பணியிடங்களை நிர்ணயித்து, முழுமையாக நிரப்ப வேண்டும்.

இரண்டு: தகராறு வந்தால் எந்த வண்டிகள் கட்டாயம் ஓடும் என்பதைத் தொழிற்சங்கங்களோடு முன்கூட்டியே பேசி, மக்களுக்கு அறிவிக்க வேண்டும். காலை, மாலை வேலைக்குப் போகிறவர்களின் வண்டிக்கே முதலிடம்.

மூன்று: ஓடுகிற வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். ரத்தான வண்டியின் பெட்டிகள் யார்டில் சும்மா நிற்கக்கூடாது.

அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால் திட்டாதீங்க. அனுப்பியவரிடம் ஒன்று மட்டும் கேளுங்க: "நீயும் உன் குடும்பமும் தூங்கிக்கிட்டுப் போற வண்டியை, ரெண்டு நாளா தூங்காத ஆள் ஓட்டினா பரவாயில்லையா?"



#ஓட்டுநருக்கு_ஓய்வு #பயணிக்குப்_பாதுகாப்பு