படைப்புக் கோப்பும் ஒரு பரீட்சையே
(யேர்மனியில் வடிவமைப்புக் கல்வி பயில விரும்பும் மாணவருக்கும் பெற்றோருக்குமான உரை)



மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகியவற்றையே பல்கலைக்கழகக் கல்வியாகக் கருதும் வழக்கம் புலம்பெயர் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. உள்ளகக் கட்டடக்கலையையோ பொருள் வடிவமைப்பையோ பயிலும் விருப்பத்தைப் பிள்ளை தெரிவித்தால், "முதலில் அபிற்றூர் பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பெற்றோர் கூறுவர். அன்புடன் கூறப்படும் இந்த மறுமொழியே பிள்ளையின் ஓர் ஆண்டைப் பறித்துவிடக்கூடும்.

இடங்கள் மட்டுப்படுத்தப்பட்ட பல பட்டப்படிப்புகளுக்கு யேர்மனியில் ஜூலை 15 வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் வடிவமைப்புக் கற்பிக்கும் பல நிறுவனங்கள் மாணவரின் கலைத்தகுதியைத் தனியாகப் பரிசோதிக்கின்றன. அதற்குப் பதியும் காலம் பல இடங்களில் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும். 'மப்பே' எனப்படும் படைப்புக் கோப்பையும் அதற்குள் ஒப்படைக்க வேண்டும். நல்லதொரு கோப்பு உருவாகப் பல மாதங்கள் செல்லும். ஆகவே இறுதி வகுப்புக்கு முந்திய ஆண்டிலேயே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும்.

கோப்பில் எதனை வைப்பது? ஒளிப்படத்தைப் பார்த்து அச்சொட்டாக வரைந்த நடிகரின் முகம் கைத்திறனைக் காட்டும், சிந்தனையைக் காட்டாது. தேர்வாளர் தேடுவது சிந்தனையையே. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ், றே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் வியந்து போற்றிய பொருள், சாதாரண வீட்டுச் செம்பு. அது எவ்வளவு நீர் கொள்ளும், எவ்வாறு தூக்கப்படும், எவ்வாறு ஊற்றும் என அவர்கள் ஆராய்ந்தனர். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

தமிழ் வீட்டுச் சமையலறையிலும் இத்தகைய பாடங்கள் உண்டு. துருவலையில் அமர்பவரின் உடற்பாரமே அதை அசையாது நிறுத்துகிறது. தேங்காயைச் சுழற்ற இரு கைகளும் விடுபடுகின்றன. முழங்கால் நோவுள்ள பாட்டியால் அவ்வளவு தாழ்வாக அமர முடியாதெனில், அதை எவ்வாறு மாற்றியமைப்பது? இக்கேள்வியிலிருந்து பிறக்கும் வரைபடங்கள், மட்டை அட்டையில் செய்த மாதிரிகள், தோற்றுப்போன முயற்சிகள் அனைத்தும் கோப்பில் இடம்பெறத் தக்கவை.

கைத்தொழிலை இழிவாக எண்ணுதல் ஆகாது. 1919இல் வைமாரில் வால்ரர் குறோப்பியஸ் நிறுவிய பவ்ஹவுஸ் கல்லூரியே பட்டறைகளில்தான் கற்பித்தது. பிறவுண் நிறுவனத்தின் பொருட்களால் உலகப் புகழ்பெற்ற டீற்றர் றாம்ஸ், தச்சரான பாட்டனாரைப் பார்த்து வளர்ந்து, தாமும் தச்சுத்தொழில் பயின்றவர். 1955இல் அவர் அந்நிறுவனத்தில் சேர்ந்தது உள்ளக வடிவமைப்புப் பணிக்காகவே. சில கல்லூரிகள் சேர்க்கைக்கு முன்பே பட்டறைப் பயிற்சியைக் கேட்பதும் இதனாலேயே.

இனி, பெற்றோரின் நியாயமான அச்சம்: இத்துறை சோறு போடுமா? எத்துறையும் உத்தரவாதம் தருவதில்லை. ஆயினும் 'உள்ளகக் கட்டடக்கலைஞர்' என்பது யேர்மனியில் சட்டப் பாதுகாப்புள்ள தொழிற்பெயர். உரிய பட்டமும் தொழில் அனுபவமும் பெற்றுக் கட்டடக்கலைஞர் மன்றத்தில் பதிந்தோரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 'பாஃபெக்' உதவித்தொகையும் உண்டு. பொதுவாக அதில் பாதி திருப்பிச் செலுத்த வேண்டாதது. மறுபாதி வட்டியில்லாக் கடன்.

மாணவர்களே, ஒரே கல்லூரியை நம்பியிராதீர்கள், பலவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றின் விதிகளும் வேறானவை. அவற்றை அக்கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். பல கல்லூரிகள் நடத்தும் கோப்பு ஆலோசனை நாட்களுக்கு அரைகுறைப் பணிகளுடனேனும் செல்லுங்கள். முதன்முறை மறுக்கப்பட்டோர் மறு ஆண்டில் தெரிவாவதும் உண்டு.

பெற்றோர்களே, சமையலறை மேசையில் பரவிக் கிடக்கும் தாள்களையும் அட்டைத் துண்டுகளையும் குப்பையென ஒதுக்காதீர்கள். உங்கள் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும் பரீட்சை அதுவே.