அறிவு யாருடைய சொத்து?



அறிவுசார் சொத்துரிமை என்ற பாடம் இன்று பல கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. மாணவர்களில் பலர் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவேண்டிய சட்டப்பிரிவுகளின் தொகுப்பாகவே காண்கின்றனர். இதில் அவர்களைக் குறைகூறுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றிய அரசு 2016இல் அறிவித்த தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையின் ஏழு குறிக்கோள்களில் ஒன்று வணிகமயமாக்கல். 2021 டிசம்பரில் 10 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி என்ற இயக்கமும் தொடங்கப்பட்டது. பதிவு செய்வது எப்படி என்று கற்பது தேவைதான். ஆனால், இந்தச் சட்டம் யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வியைக் கேட்காத பாடம் பாதிப் பாடமே.

அந்தக் கேள்வியை மாணவர்களே எழுப்பிய வரலாறு உண்டு. தில்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற சிறிய ஜெராக்ஸ் கடை இயங்கிவந்தது. ஆசிரியர்கள் பரிந்துரைத்த பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து, தொகுப்பாக்கி மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. கோரிய இழப்பீடு 60 லட்சம் ரூபாய். ஒரே பருவத்துக்குப் பல நூல்களின் சில அத்தியாயங்களைப் படிக்கவேண்டிய மாணவர், அத்தனை நூல்களையும் விலைக்கு வாங்குவது இயலுமா?

மாணவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. சங்கம் அமைத்து வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டனர். எந்த எழுத்தாளர்களின் பெயரால் வழக்குத் தொடரப்பட்டதோ அவர்களிலேயே பலர் மாணவர் பக்கம் நின்றனர். அமர்த்தியா சென்னும் பதிப்பகத்தின் நடவடிக்கையை ஆட்சேபித்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கற்பித்தலுக்கு விலக்களிக்கிறது என்ற வாதத்தை 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர்நீதிமன்றம் ஏற்றது. பதிப்புரிமை இயற்கையாக வாய்த்த உரிமை அல்ல என்றும் கூறியது. மேல்முறையீட்டில் டிசம்பரில் சில கேள்விகள் மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டாலும், கல்வி நோக்கம் என்ற அடிப்படை நிலைத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. சட்டப்பிரிவை மனப்பாடம் செய்தவர்கள் அல்லர், அதைப் போராட்டக் கருவியாக்கியவர்களே வென்றனர்.

மருந்திலும் இதே கதைதான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் அந்தத் தடை அகன்றது. அப்போது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் கொடுத்த அழுத்தத்தால் சட்டத்தில் பாதுகாப்பு அம்சங்கள் வலுப்பெற்றன. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய ஏகபோகம் பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவும் அவற்றுள் அடங்கும். அதன்படியே 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிசின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை தர உச்சநீதிமன்றம் மறுத்தது.

விஜயபுரத்திலிருந்து திருப்பதிக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்கு இப்பாடம் தொலைவில் இல்லை. காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது தனி முதலாளியின் சொத்தல்ல, ஒரு வட்டாரக் கைவினைஞர்களின் கூட்டுரிமை. ஆயினும் இயந்திரத்தில் அச்சிட்ட துணி அதே பெயரில் கடைகளில் விற்பனையாகிறது. பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, துணியில் எழுதுகோல் பிடிக்கும் கைக்கு உரிய கூலி கிடைக்கிறதா என்பதே கேள்வி.

தோழர்களே, அறிவு பல தலைமுறைகளின் கூட்டு உழைப்பு. அதற்கு வேலி யார் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பறையிலும் கேளுங்கள், வீதியிலும் கேளுங்கள். சங்கமாகத் திரண்டு கேளுங்கள்.