பூட்சுக்கு யார் பணம் தருவது?

(திருப்போரூரில் கட்டிடத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உள்ளே வரும்போது, மண்டப வாசலில் நீங்கள் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளைப் பார்த்தேன். பெரும்பாலும் ரப்பர் செருப்புகள். சிலவற்றில் அறுந்த வாரை ஊக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றை மாட்டிக்கொண்டுதான் நாளைக் காலையில் உங்களில் பலர் சென்ட்ரிங் பலகைமேல் ஏறப் போகிறீர்கள்.

பத்தாவது முடித்த கையோடு நானும் இந்த வேலைக்கு வந்தவன்தான். ஒருநாள், பிரித்துப் போட்டிருந்த பலகையை மிதித்துவிட்டேன். ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. ஊசிக்கும் மருந்துக்கும் என் காசு. படுத்திருந்த ஒன்பது நாளும் கூலி இல்லை. மேஸ்திரி சொன்னது ஒன்றுதான்: "பார்த்து நடக்கக் கூடாதா?"

இன்றைக்கும் அதே பேச்சுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாகக் கண்ணாடி மாளிகைகள் எழுந்து நிற்கின்றன. அங்கே வாசல் காவலாளியின் பூட்ஸ் பளபளக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிக்கு மரியாதைக் குறைவாம்! அந்த மாளிகைக்குக் கல் சுமந்த சித்தாளின் காலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

தோற்றத்தை நான் இகழவில்லை. நம் பாட்டன்மாரில் பலர் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். காலில் பூட்சுடன் நிமிர்ந்து வேலைக்குப் போவது நமக்கும் கௌரவம்தான். ஆனால் அந்த பூட்ஸ் முதலில் காலைக் காக்க வேண்டும்.

விரல்களுக்குமேல் இரும்புக் கவசம் வைத்த பூட்ஸ் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி அது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. ஆனால் ஆணி கீழேயிருந்து வருகிறது! ஆகவே அடிப்பாகத்தில் துளைபடாத தகடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கான்கிரீட் போடுகிறவர்களுக்கு உயரமான ரப்பர் பூட்ஸ் வேண்டும். ஈரச் சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கிவிடும். பெண்களுக்கு அவர்கள் அளவிலேயே வேண்டும். தொளதொளத்த ஆண் பூட்ஸ் ஏணியில் ஆளையே தள்ளிவிடும்.

"சரி, கூலியில் பிடித்துக்கொள்கிறேன்" என்பார் காண்டிராக்டர். ஏமாறாதீர்கள்! ஆலையில் தரவேண்டிய சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாதென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 114ஆவது பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது, 2020ஆம் ஆண்டில் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் கூடாதென்று அதன் 6ஆவது பிரிவும் சொல்கிறது. பெரிய கட்டிட வேலைகளும் அதற்குள் அடங்கும். அந்தத் தொகுப்பில் நாம் எதிர்க்க வேண்டியவை பல உண்டு. இந்த ஒரு வரியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வோம்.

தனியாகப் போய்க் கேட்டால், "நாளைக்கு வராதே" என்பார்கள். ஆகவே ஒவ்வொரு வேலையிடத்திலும் எத்தனை பேர், யாருக்கு என்ன கால் அளவு என்று எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலோடு சங்கம் போய்க் கேட்கும். நீங்கள் எல்லோரும் பின்னால் நிற்க வேண்டும்.

கால் போனால் கூலி போகும், தோழர்களே. கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது!