ஒன்பதில் தொடங்கும் எண்

ஊரில் வாங்கின கடனையெல்லாம் நாள் தவறாமல் கட்டிப் பேர் வாங்கியவராக ஒருவர் இருப்பார். தற்காலிக வேலை அனுமதியோடு கனடாவில் போய் இறங்கினால், அந்தப் பேர் அங்கே செல்லாது. அங்கே யார் எப்படிக் கடன் கட்டினார்கள் என்று குறித்துவைப்பவை ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள். அவை தரும் மதிப்பெண் 300 முதல் 900 வரை. புதிதாக வந்தவருக்குக் குறைந்த மதிப்பெண்கூட இருக்காது, பக்கமே காலி.

இன்னொரு சங்கதி, சமூகக் காப்பு எண். தற்காலிகமாக வந்தவர்களுக்கு அது 9-இல்தான் தொடங்கும். அனுமதி முடிகிற தேதியோடு அதுவும் காலாவதியாகும். ஆக, பார்த்த மாத்திரத்திலேயே இவர் தற்காலிகமாக வந்தவர் என்று வங்கிக்காரருக்குத் தெரிந்துவிடும்.

அதற்காகக் கதவை அடைத்துவிடவில்லை. பெரிய வங்கிகள் பலவற்றில் புதிதாக வந்தவர்களுக்கென்றே கிரெடிட் கார்டு உண்டு. அதுவும் கிடைக்கவில்லையா? முன்பணம் கட்டி வாங்கும் கார்டு இருக்கிறது. 500 டாலர் கட்டினால், பெரும்பாலும் 500 டாலர்தான் வரம்பு. நம் காசை நமக்கே கடன் கொடுக்கிறார்களே என்று எரிச்சல் வரும், நியாயம்தான். ஆனால் காலிப் பக்கத்தில் முதல் வரி அப்படித்தான் விழுகிறது.

பில் வந்தபிறகு குறைந்தது 21 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. அதற்குள் முழுசாகக் கட்டினால் வாங்கிய சாமானுக்கு வட்டி இல்லை. அதே கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது, எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். ஊருக்கு அவசரமாகப் பணம் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.