சாவியை வாங்கும் முன் சான்றிதழைக் கேளுங்கள்
(அசாம் ஜாவாவில் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு கேட்டுப் போராடுகிறோம். சரி. எப்படிப்பட்ட வீடு என்று கேட்கிறோமா? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் வீடு கட்ட 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1984இல் ஒரே சீரான கட்டட விதிகள் வந்தன. மலாயில் உண்டாங்-உண்டாங் கெச்சில் பாங்குனான் செராகாம் என்பார்கள். நிலமும் ஊராட்சியும் மாநில அதிகாரம் என்பதால், ஒவ்வொரு மாநிலமும் அதைத் தனியாக ஏற்க வேண்டும். சிலாங்கூர் 1986இல் ஏற்றுக்கொண்டது.

அதில் என்ன இருக்கிறது? குடியிருக்கும் வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது சுமார் 118 சதுர அடி. இரண்டாவது அறை 9.3, மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டர். கூரை உயரம் 2.5 மீட்டர். சன்னல் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. இதை அளக்க வக்கீல் வேண்டாம், ஒரு அளவு நாடா போதும்.

ஆனால் இந்தச் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு எந்த ரூபத்தில் வருகிறது? உடைப்பு நோட்டீஸாக வருகிறது. தோட்டத்தை விற்றபின் ஒதுக்குப்புறத்தில் பலகை அடித்து ஒண்டியிருப்பவனிடம், "உன் வீட்டுக்கு அனுமதி பெற்ற வரைபடம் இல்லை" என்கிறார்கள். அதே ஆட்கள் மேம்பாட்டாளரின் வரைபடத்தை நமக்குக் காட்டுகிறார்களா?

லயன் வீட்டுக்கு வேறு சட்டம் உண்டு. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம். 20 ஹெக்டருக்கு மேற்பட்ட தோட்டங்களுக்குப் பொருந்தியது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தீபகற்பத்தின் மற்றத் தொழில் துறைகளுக்கும் விரிந்தது. வீட்டைப் பழுது பார்ப்பது முதலாளியின் கடமை, கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. ஆனால் முதலாளி, தொழிலாளி என்ற உறவு இருக்கும்வரைதான் அந்தக் கடமை. வேலை போனால் வீடும் போகும், பாதுகாப்பும் போகும். முப்பது வருடம் பால் வெட்டிய அம்மா இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நிற்கிறார்.

புத்ராஜெயா கட்டியபோது என்ன நடந்தது? பேராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்ட மக்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். ஏறக்குறைய 400 குடும்பங்கள். லயத்தை விட்டு மாடிக்குப் போகிறோம் என்று நம்பிப் போனவர்கள், சுவரில் வெடிப்பைப் பார்த்தார்கள். மாற்று வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டியிருந்தது. நாட்டின் புதிய தலைநகரம் எழுந்த மண்ணில் பால் மரம் வெட்டியவர்கள் இவர்கள். விதிகள் அப்போதும் இருந்தன.

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. இந்தியாவில் 1970லேயே தேசியக் கட்டட விதித்தொகுப்பு வந்தது. அதுவும் மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 பிள்ளைகள் மாண்டார்கள். சமையல் கொட்டகையின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ அது. விதியை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால் இதுதான் கதி.

பின்னால் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்கிறீர்களா? 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். வசதியுள்ளவர்கள் வாழ்ந்த இடம். அந்த வழக்கில் 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்தைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கே அந்த நிலை என்றால் நமக்கு? ஆகவே கேட்க வேண்டியதை முன்னாலேயே கேட்க வேண்டும்.

மூன்று தாள் கேளுங்கள். ஒன்று, ஊராட்சி மன்றம் அனுமதித்த வரைபடத்தின் நகல். இரண்டு, வீட்டின் அளவு, அறைகளின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் தேதி, பழுது பார்க்கும் பொறுப்பு இவை எழுதப்பட்ட ஒப்பந்தம். மூன்று, சி.சி.சி. என்ற நிறைவுச் சான்றிதழ். 2007க்கு முன் சி.எப். என்று ஊராட்சி மன்றம் கொடுத்தது. இப்போது திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளர் கையெழுத்திடுகிறார். அவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சுவர் வெடித்தால் யாரைக் கேட்பது என்பது அப்போது தெரியும்.

தனி ஆளாகப் போகாதீர்கள். தோட்டத்துக்கு ஒரு குழு அமைத்து, எழுத்து மூலம் கேட்டு, கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது.

சாவி கொடுக்கும் விழா நடக்கும். பந்தல் போடுவார்கள், மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். மேடை ஏறுவதற்கு முன் சி.சி.சி. எங்கே என்று கேளுங்கள். இது பிச்சையில்லை, சிலாங்கூரில் 1986 முதல் சட்டமாக இருக்கிற நம் உரிமை.