விஷக் காய்ச்சலும் நமது கடமையும்

(பொட்டிபுரம் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் காய்ச்சலைப் பற்றியதாகும். "காய்ச்சலைப் பற்றிப் பேசுவது டாக்டர் வேலையல்லவா, இவர்களுக்கு இதில் என்ன ஜோலி?" என்று சிலர் நினைக்கலாம். வந்துவிட்ட காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதுதான் டாக்டர் வேலை. வரக்கூடிய காய்ச்சலுக்கு ஊர் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்பது ஊராருடைய வேலையேயாகும். கொள்ளைக் காய்ச்சல் விஷயத்தில் நமது ஜனங்களுக்கு இரண்டு நிலைமைகள்தான் பழக்கமாயிருக்கின்றன. வருகிறவரையில் நினைப்பதேயில்லை, வந்த பிறகு நடுங்குவது. நினைத்துப் பார்த்து முன்கூட்டியே தயாராவது என்கின்ற மூன்றாவது நிலைமையைப் பற்றிச் சொல்லவே இங்கு வந்திருக்கின்றோம்.

பறவைக் காய்ச்சல் என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தால் போதும், மறுநாள் கோழிக்கடையில் ஈயாடுகின்றது. 2020-ஆம் வருஷம் மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வருமென்று எவனோ கிளப்பிவிட்ட புரளியால் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. கோழிக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமே இல்லை. பயத்துக்குக் காரணமே வேண்டாம், ஒரு வதந்தி போதும். தயாராவதற்கோ விஷயம் தெரிய வேண்டும். ஆகவே முதலில் விஷயத்தைப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

1918-ஆம் வருஷம் ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய இன்புளுயன்ஸாக் காய்ச்சல், முதலில் லேசாக வந்து போயிற்று. ஜனங்கள் ஒழிந்ததென்று இருந்தார்கள். செப்டம்பர், அக்டோபரில் அதுவே கொடிய உருவத்தோடு திரும்பி வந்து, ரயில் போகுமிடமெல்லாம் போயிற்று. குழந்தைகளையும் கிழவர்களையும் மாத்திரமல்லாமல், 20 வயதிலிருந்து 40 வயது வரையிலுள்ள பாடுபடும் ஆண்களையும் பெண்களையும் வாரிக்கொண்டு போயிற்று. இந்தியாவில் செத்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரையில் என்று பலவாறாக மதிப்பிடுகின்றார்கள். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25 கோடியே 21 லட்சமாயிருந்த ஜனத்தொகை, 1921-ல் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்து வருஷ காலத்தில் பெருக வேண்டிய ஜனத்தொகை குறைந்தது, கணக்கெடுக்கத் தொடங்கியது முதல் அந்த ஒரு தடவைதான்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்றுண்டு. அந்த வருஷம் பம்பாய் நகரத்தில் இந்தக் காய்ச்சலால் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்பதை இனவாரியாக எழுதி வைத்திருக்கின்றார்கள். ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர். பார்சிகளில் 9 பேர். ஜாதி இந்துக்களில் சுமார் 19 பேர். தாழ்த்தப்பட்ட ஜாதியாரில் 61 பேர்! காய்ச்சல் கிருமிக்கு ஜாதி தெரியுமா? பூணூல் தெரியுமா? வெள்ளைத்தோல் தெரியுமா? ஒன்றும் தெரியாது. பின்னை ஏன் இந்த வித்தியாசம்? ஒருவனுக்குக் காற்றோட்டமான பங்களா, மற்றவனுக்கு ஒற்றை அறையில் பத்துப் பேர். ஒருவனுக்குப் பாலும் முட்டையும் படுக்கையும், மற்றவனுக்குப் படுத்தால் மறுநாள் கஞ்சியில்லை. இந்த வித்தியாசம் மனிதன் செய்தது. எனவே மனிதனால் மாற்றக்கூடியதுமாகும். "அவனவன் தலையெழுத்து" என்கிறவர்களை, பிரம்மன் தாழ்த்தப்பட்டவன் தலையில் மாத்திரம் ஏழு மடங்கு சாவு எழுதினானா என்று கேட்கின்றோம்.

பிறகும் இது வராமலில்லை. 1957-ல் சிங்கப்பூரிலிருந்து கப்பல் மூலம் நமது சென்னைக்கே வந்து, தேசமெங்கும் 44 லட்சம் பேருக்கு மேல் காய்ச்சல் கண்டது. 1968-ல் ஹாங்காங் காய்ச்சல், 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று இந்த இனத்திலேயே இன்னும் இரண்டு வந்து போயின. 2020-ல் வந்த கொரோனா வேறு இனம். பரவும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

பறவைக் காய்ச்சல் என்பது என்ன?

ஏலத் தோட்டத்தில் பழைய ரகம் போய்ப் புது ரகம் வருவதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கின்றீர்கள். காய்ச்சல் கிருமியும் அப்படியே உருமாறிக்கொண்டிருக்கின்றது. ஒரே பிராணியின் உடம்பில் இரண்டு ரகக் கிருமிகள் சேர்ந்தால் மூன்றாவது ரகம் ஒன்று பிறக்கலாம். அது எந்த மனிதனுடைய உடம்புக்கும் பழக்கமில்லாததாகவும், மனிதனிடமிருந்து மனிதனுக்குச் சுலபமாய்த் தொற்றுவதாகவும் இருந்துவிட்டால், அதுதான் கொள்ளைக் காய்ச்சல்.

எச்5என்1 என்கின்ற பறவைக் காய்ச்சல் 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்குக் கண்டு 6 பேர் செத்தார்கள். 2003 முதல் உலகமெங்கும் 900 பேருக்கு மேல் கண்டு, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டிருக்கின்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களின் வாத்துகளில் 2014 முதல் பல தடவை இந்த நோய்கள் வந்து, லட்சக்கணக்கில் பறவைகளைக் கொன்று புதைத்தார்கள். 2024-ல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கும் வந்துவிட்டது. இதுவரையில் நோய்ப்பட்ட பறவை, மாடு முதலியவற்றோடு நெருங்கிப் புழங்கியவர்களுக்கே பெரும்பாலும் வந்திருக்கின்றது. மனிதருக்குள் சுலபமாய்ப் பரவவில்லை. நாளைக்கே பரவுமென்று சொல்லுகிறவனும் புளுகன், ஒருக்காலும் பரவாதென்று சொல்லுகிறவனும் புளுகன். வரலாம் என்பதே உண்மை. வரலாம் என்கிற மழைக்குத்தானே கூரை வேய்கின்றோம்?

தேவிக்குக் கோயிலா, கிருமிக்குத் தடையா?

நமது நாட்டில் வியாதி ஒன்று வந்தால் சாமி ஒன்று பிறந்துவிடுகின்றது. பிளேக் வந்தது, கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் வந்தாள். கொரோனா வந்தது, 2021-ல் அதே கோவைக்குப் பக்கத்தில் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்துப் பூசை போட்டார்கள். இங்கே கதை இப்படியிருக்க, திருப்பதிக் கோயில் 2020 மார்ச்சில் பக்தர்களுக்கு மூடப்பட்டது. மூடியதை நாம் குற்றம் சொல்லவில்லை. மெத்த நல்ல காரியம். கூட்டம் கூடினால் நோய் பரவுமென்பதும், அதைச் சாமி தடுக்க மாட்டாரென்பதும் கோயில்காரர்களுக்கே தெரிந்திருந்தது என்பதைத்தான் எடுத்துக்காட்டுகின்றோம். பெரியம்மைக்கு எத்தனை நூறு வருஷம் கூழ் ஊற்றினோம்? இந்தியாவில் அது 1975-ல் ஒழிந்தது கூழினாலா, ஊசியினாலா? யோசித்துப் பாருங்கள்.

மனித முயற்சி என்ன செய்யுமென்பதற்குப் பசிபிக் சமுத்திரத்தில் ஒரு ருஜு இருக்கின்றது. சமோவா என்று பக்கத்தில் பக்கத்தில் தீவுகள். ஒரே ஜனங்கள், ஒரே பாஷை. ஒரு பாதி நியூசிலாந்து ஆட்சியில், மற்றொரு பாதி அமெரிக்கா ஆட்சியில். 1918 நவம்பர் 7-ந் தேதி நியூசிலாந்திலிருந்து காய்ச்சல்காரர்களோடு வந்த ஒரு கப்பலை மேற்கு சமோவாவில் தடையில்லாமல் இறங்கவிட்டார்கள். சில வாரங்களில் அங்கிருந்த ஜனங்களில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குப் போய்விட்டது. அமெரிக்க சமோவாவின் கவர்னர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தி, ஊர் ஜனங்களையே கரையில் காவல் வைத்தார். அங்கே இந்தக் காய்ச்சலால் ஒருவர்கூடச் சாகவில்லை. இரண்டு பாதியிலும் கும்பிட்ட சாமி ஒன்றுதான்.

ஜீப்பில் ஏறும் காய்ச்சல்

இனி நமது ஊருக்கு வருவோம். பொழுது விடியுமுன் தூக்குவாளியோடு புறப்பட்டு, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டித் திரும்புகிற தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றீர்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் அடைத்துக்கொண்டு போகின்றீர்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்குப் படுதாவை இறக்கிவிட்டால் ஒருத்தி விடும் மூச்சைத்தான் மற்றவள் இழுக்க வேண்டும். அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் இருந்தால், மலை ஏறி இறங்குமுன் எத்தனை பேருக்கு? அவர்கள் வீட்டில் எத்தனை பேருக்கு?

"காய்ச்சலோடு அவள் ஏன் வந்தாள்?" என்று கேட்பது சுலபம். வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூன்று நாள் வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி. ஆகவே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு ஜீப்பில் ஏறுகின்றாள். "காய்ச்சலென்றால் வீட்டில் இரு" என்று சர்க்கார் சுவரில் எழுதுவது சரியான புத்திமதிதான். ஆனால் வீட்டில் இருந்தால் அடுப்பு எரிய வழி என்ன என்பதையும் எழுத வேண்டாமா? தோட்டத் தொழிலாளருக்கென்று 1951-ல் செய்த சட்டத்திலேயே நோய்க்காலப் படி என்று ஒன்றை எழுதினார்கள். தினக்கூலிக்கு மலையேறுகிறவளின் கைக்கு அது எட்டியதா என்பதை நீங்களே சொல்லுங்கள். காய்ச்சல்காரிக்கு மூன்று நாள் கூலி கொடுப்பது தர்மமல்ல. ஒருத்திக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்து, முப்பது பேர் படுத்து, காய் செடியிலேயே பழுத்து உதிர்ந்தால் நஷ்டம் யாருக்கு? முதலாளிகள் தங்கள் லாபக் கணக்கைப் பார்த்தாவது கொடுக்க வேண்டும். தொழிலாளிகள் இதைக் கெஞ்சிக் கேட்காமல் உரிமையாய்க் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் கையிருப்பு இருக்கட்டும். மூட்டை மூட்டையாய்ப் பதுக்குவது அடுத்த வீட்டுக்காரன் வயிற்றிலடிப்பதாகும்; வாரம் ஒரு படி மிச்சம் பிடித்தால் போதும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு முன்னதாக வாங்கி வையுங்கள். பாரசிட்டமால், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வாயும் மூக்கும் மூடுகிற முகக்கவசம், சோப்பு, இவ்வளவுதான். காய்ச்சல்காரரைத் தனியே, ஜன்னல் திறந்த இடத்தில் படுக்க வையுங்கள். "காற்றுப் பட்டால் ஜன்னி வரும்" என்று கதவைச் சாத்துவது, வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் நோயைப் பங்கு வைப்பதேயாகும்.

மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், புத்தி தடுமாறினாலும், விட்ட காய்ச்சல் திரும்ப ஏறி இருமல் அதிகமானாலும் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மந்திரிப்பதிலும் கடையில் மாத்திரை கேட்டு வாங்குவதிலும் நாளைப் போக்கக்கூடாது. இந்தக் காய்ச்சலுக்கான ஓசல்டாமிவிர் என்கின்ற மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்றாய் வேலை செய்யும். அதையும் டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும், வயதானவர்களும், சர்க்கரை, இழுப்பு உள்ளவர்களும் வருஷாந்தரக் காய்ச்சல் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். புது ரகம் வந்தால் அதற்கான ஊசி தயாராக ஆறு மாதம்போல் ஆகும். அந்த ஆறு மாதத்தைக் கடத்துவதற்குத்தான் மற்ற ஏற்பாடுகளெல்லாம். கோழி வளர்ப்பவர்கள், பறவைகள் கூட்டமாய்ச் செத்தால் வெறுங்கையால் தொடாமலும், மலிவாய் விற்றுவிடாமலும் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். நன்றாய் வெந்த கறியிலும் முட்டையிலும் கிருமி பிழைக்காது, தாராளமாய்ச் சாப்பிடுங்கள்.

ஊர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. திருவிழா என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவென்று வரி போட்டு, கொடாதவன் வீட்டுக்கு நாலு தடவை நடந்து வசூலிக்கின்றோம். அதே தலைக்கட்டு வரியைக் காய்ச்சல் நிதியென்று ஒரு வருஷம் போட்டுப் பாருங்கள். படுத்துவிட்ட கூலிக்காரர் வீட்டுக்கு அரிசியும், ஆஸ்பத்திரி போக வண்டியும், ஊருக்குப் பொதுவாய் உடம்புச் சூடு பார்க்கும் கருவியும், ரத்தத்தில் பிராணவாயு பார்க்கும் கருவியும் அதில் கிடைக்கும். தனியாயிருக்கும் கிழவர், கிழவிகள் யார், யார் என்று இப்பொழுதே எழுதி வையுங்கள். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். இதில் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்கின்ற பேதமே கூடாது. காலனியில் காய்ச்சலை விட்டுவைத்துவிட்டு மேலத்தெருவைக் காப்பாற்றிவிடலாமென்று நினைப்பவன், கூரையின் ஒரு பக்கம் எரியட்டும் என்று விட்டவனுக்கு ஒப்பானவன்.

"இவ்வளவும் செய்து, காய்ச்சல் வராமலே போய்விட்டால்?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கேட்டிருக்கின்றார். வராமல் போனால் மெத்த சந்தோஷம். அரிசியைச் சாப்பிட்டுவிடலாம். நிதி வேறு வியாதிக்காரருக்கு ஆகும். காற்றோட்டமான வீட்டிலும், நெருக்கமில்லாத ஜீப்பிலும், நோய்க்காலக் கூலியிலும் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தப் பொட்டிபுரம் கேள்வி கேட்கத் தெரியாத ஊரல்ல. உங்கள் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கப் போவதாகச் சொன்னபோது, எங்கள் தண்ணீர் என்னாகும், மலை என்னாகும் என்று டில்லி வரைக்கும் கேட்டீர்கள். அதே போல், காய்ச்சல் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எங்கள் கூலிக்கு வழி என்ன என்று, காய்ச்சல் இல்லாத இந்த நாளிலேயே பஞ்சாயத்தையும் சர்க்காரையும் முதலாளியையும் கேளுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டதை நாளைக்கே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.